ஒளியும் ஆழமும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை, திருவண்ணாமலை நகரத்துத் தெருக்களிலும் மாடிகளிலும், சுற்றுப்புறத்துச் சிற்றூர்களின் வயல்வரப்புகளிலும் மக்கள் மலையுச்சியை நோக்கி நிற்பர். 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் முடியில், நெய்யும் பெருந்திரியும் இட்ட கொப்பரையில் தீபம் ஏற்றப்பெறும். ஏற்றிய அக்கணமே பல கல் தொலைவில் நிற்பாரும் அதனைக் காண்பர். அவரவர் சமயக் கருத்து யாதாயினும் ஆகுக. கண்ணுடையார் யாவரும் அக்காட்சியின்கண் ஒரு பாடம் கற்கலாம். இருள் நன்கு சூழ்ந்தபின், மலையின் வடிவும் மறைந்தபின், தொலைவூரில் நிற்கும் சிறுவன் ஒருவன், 'அவ்விளக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம்?' என்று தன் தந்தையை வினவுவானாயின், மலையை முன்னரே அறிந்த தந்தை விடை கூறுவார்; அறியாத வழிப்போக்கரோ விடை கூறமாட்டார். சுடரானது 'ஒன்று உளது' என்று சொல்லும். 'இத்துணைத் தொலைவில் உளது' என்று சொல்லாது. காண்பது வேறு, ஆழம் அறிவது வேறு.

இவ்வேறுபாடு ஓவியர்க்கும் தத்துவ நூலார்க்கும் மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் நாள்தோறும் நடைபெறும் அறுவை மருத்துவத்தில் இஃது உயிரைப் பற்றிய செய்தியாகிவிட்டது. அதனைக் குறித்து எம் கருத்தை நம் கல்லூரி மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய யாவர்முன்னும் வைக்க விரும்புகின்றோம். மருத்துவர் அல்லாதார் இதுபற்றிப் பேசலாமோ எனின், அறுவை மேசையின்மேல் ஒருநாள் படுக்கக் கூடியவர் அனைவரும் பேசலாம் என்பதே எம் விடை.

முன்னாளில் பித்தப்பையை நீக்க வேண்டின், மருத்துவர் விலாவின்கீழ் ஒரு சாணளவு கீறி, உள்ளே கையிட்டு, இரு கண்ணாலும் நேரே நோக்கிச் செய்வர். இப்பொழுதோ பெரும்பாலும் மூன்று நான்கு சிறு துளைகளே இடப்பெறுகின்றன. வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்தி, உட்புறத்தைக் கூடாரம்போல உயர்த்தி, ஒரு துளைவழியே சுண்டுவிரல் பருமனுள்ள குழல் ஒன்றை நுழைக்கின்றனர். லேப்பராஸ்கோப்பு என்று வழங்கும் அக்குழலின் குறுக்களவு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் உள்ளனவும் உண்டு. வெளியேயுள்ள விளக்கின் ஒளி, கண்ணாடி இழைகளாலாகிய வடத்தின் வழியே குழலினுட் சென்று அதன் முனையில் வெளிப்படுகிறது. உள்ளே தோன்றும் காட்சி காமிராவில் விழுந்து திரையில் விரிகிறது. மருத்துவர் நோயாளியின் உடலை நோக்காது, எதிரிலுள்ள திரையை நோக்கியே நீண்ட கருவிகளைக் கையாளுகின்றார்.

இம்முறையால் விளையும் நன்மை பெரிது. நோவு குறைவு, புண் விரைவில் ஆறும், நோயாளி சில நாட்களில் வீடு திரும்பித் தம் தொழிலைத் தொடங்குவார். செல்வர்க்கு இஃது ஒரு வசதி. பூத்தொடுப்பார்க்கும், மூட்டை சுமப்பார்க்கும், அறுவடைக் கூலிக்குச் செல்வார்க்குமோ இஃது அடுப்பெரிவதற்கும் எரியாமைக்கும் உள்ள வேறுபாடு. ஒரு மாதம் படுக்கையிற் கிடந்தால் அக்குடும்பம் கடன்படும். ஆதலின் துளைவழி அறுவை செல்வர்க்குரிய ஆடம்பரம் என்று எண்ணுவது தவறு. 1990-ஆம் ஆண்டிற் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் இம்முறையால் பித்தப்பையை நீக்கி, இந்தியாவில் இதற்கு வழிதிறந்த டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா, வளரும் நாடுகளின் எளிய மக்களுக்கே இது மிகவும் ஏற்றது என்பதனை இடைவிடாது வற்புறுத்தி வந்தார். நம் தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு இக்கலையை வளர்த்து, 2001-இல் ஜெம் மருத்துவமனையை நிறுவி, கணையம், உணவுக்குழாய் முதலிய அரிய உறுப்புகளிலும் துளைவழியே அறுவை செய்யலாம் என்று உலகிற்குக் காட்டினார். இன்று முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஏழை மக்களும் இச்சிகிச்சையைப் பெறுகின்றனர்.

இக்கலையின் வரலாற்றை நோக்குவோமாயின், அஃது ஒளியின் வரலாறாகவே அமைந்திருத்தலைக் காண்போம். 1806-ஆம் ஆண்டளவில் பிராங்பர்ட் நகரத்துப் பிலிப் போசினி என்பார் ஒரு மெழுகுவத்தியையும் கண்ணாடியையும் அமைத்து உடலின் உட்புறத்தைக் காண முயன்றார். 1879-இல் மாக்ஸிமிலியன் நிட்சே, மின்னாற் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பியை நீராற் குளிர்வித்து, அதன் ஒளியால் சிறுநீர்ப்பையைக் கண்டார். 1910-இல் ஸ்வீடன் தேசத்து ஜேக்கோபேயஸ் மனிதரின் வயிற்றினுள் நோக்கினார். எனினும், இவர்கள் கண்டது மங்கலான காட்சியே. விளக்கைப் பெரிதாக்கினால் உறுப்பு வெந்துபோகும். சிறிதாக்கினால் கண் தெரியாது. இவ்விரண்டிற்குமிடையே பல்லாண்டுகள் இடர்ப்பட்டனர்.

இவ்விடரை நீக்கியதில் நம் நாட்டவர் ஒருவர்க்கும் பங்குண்டு. பஞ்சாபில் மோகா என்னும் ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இங்கிலாந்திற் பேராசிரியர் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் கூடி, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றைகளின் வழியே காட்சியைச் செலுத்தலாம் என்பதனை 1954-இல் வெளியிட்டார். ஹாப்கின்ஸ் பின்னர், 1959-இல், குழலினுள்ளே சிறு வில்லைகளுக்கு மாறாக நீண்ட கண்ணாடிக் கோல்களை அமைக்கும் முறையைக் கண்டு உரிமை பெற்றார். அதனாற் குழலின் வழியே வரும் ஒளி பன்மடங்கு மிகுந்தது. ஜெர்மனியில் கார்ல் ஸ்டோர்ஸ், விளக்கை உடலுக்கு வெளியே வைத்து, அதன் ஒளியை மட்டும் இழைகளால் உள்ளே செலுத்தும் 'குளிர் ஒளி' முறையை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழக்கிற்குக் கொணர்ந்தார். அதன்மேல் ஸெனான் விளக்கு வந்தது, காமிரா வந்தது, இப்பொழுது எல்.ஈ.டி. விளக்கும் நுண்ணிய திரைகளும் வந்துள்ளன. எரிக் மூஹே என்பார் 1985-இல் துளைவழியே பித்தப்பையை முதன்முதல் நீக்கினார்.

இவ்வாறு ஏறக்குறைய இருநூறாண்டுகளாக அறிஞர்கள் அரும்பாடுபட்டு, உடலினுள் இருந்த இருளை ஓட்டினர். இருள் ஓடியது, ஆயின் ஆழம் வந்ததோ? இதுவே எம் வினா.

ஆழத்தை நாம் எவ்வாறு அறிகின்றோம் என்பதனைச் சிறிது ஆராய்வோம். நம் இரு கண்களும் ஏறக்குறைய 63 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. ஒரு பொருளை ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு கோணத்திற் காண்கிறது. அவ்விரு காட்சிகளின் வேறுபாட்டிலிருந்து மூளை தொலைவைக் கணக்கிடுகிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்பார் இரு படங்களை இரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டும் கருவியால் இவ்வுண்மையை நிறுவினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்வார் யாவரும் இதனைத் தாமே அறிவர்.

ஆயினும் இரு கண் மட்டுமே ஆழம் காட்டுவதன்று. கிரிவலம் செய்வாரைக் கேண்மின். நடக்க நடக்க, அருகிலுள்ள மரங்களும் மண்டபங்களும் விரைந்து பின்னோக்கிச் செல்லும். இடையிலுள்ள குன்றுகள் மெல்ல நகரும். மலைமுடியோ நம்முடன் வருவதுபோலத் தோன்றும். இவ்வசைவின் வேறுபாட்டால் எது முன், எது பின் என்பது தெளிவாகும். முன்னிற்பது பின்னிற்பதனை மறைத்தலும், அண்மையிலுள்ளது பெரிதாய்த் தோன்றலும் ஏனைய குறிப்புகள். இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது நிழல்.

நிழலின் ஆற்றலை அறிய வேண்டுவார் திருவண்ணாமலைக் கோயிலின் கீழைக் கோபுரத்தின்முன் ஒருநாள் இருமுறை நிற்பாராக. பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடைய அக்கோபுரம் கிழக்கு நோக்கியது. கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் அதன்முன் நின்றால், ஒளி நம் முதுகின் பின்னிருந்து நேரே கோபுரத்தின்மேற் படும். ஒளிக்குக் குறைவில்லை; ஆயினும் சுதையுருவங்கள் யாவும் திரைச்சீலையில் எழுதிய படம்போல் தட்டையாகத் தோன்றும். ஒன்பது, பத்து மணிக்கு மீண்டும் வந்து நோக்குமின். கதிரவன் மேலே ஏறிவிட்டமையால் ஒளி சாய்ந்து விழும். ஒவ்வொரு மாடத்தின்கீழும், ஒவ்வோர் உருவத்தின் தோளின்கீழும் நிழல் படியும். உடனே உருவங்கள் முன்னெழும்; மாடங்கள் உள்வாங்கும். கல்லும் சுதையும் மாறவில்லை. ஒளி வந்த திசையே மாறியது.

இனி, லேப்பராஸ்கோப்பின் நிலையை நோக்குவோம். அக்குழலில் ஒளி வெளிப்படும் இழைகள், காட்சி புகும் வில்லையைச் சூழ்ந்தே அமைந்துள்ளன. கண் உள்ள இடமே விளக்கு உள்ள இடம். ஆதலின் ஒவ்வொரு பொருளின் நிழலும் அப்பொருளின் பின்னேயே விழுந்து மறைந்துவிடுகிறது. இஃது அதிகாலைக் கோபுரத்தின் நிலையன்றோ? மேலும், வழக்கமான குழலில் ஒரு வில்லை வழியே ஒரு காட்சிதான் வரும். திரையை இரு கண்ணால் நோக்கினும் இரு கண்ணும் காண்பது ஒரே படம். ஆகவே மருத்துவர் ஒற்றைக் கண்ணரே ஆகின்றார். தலையைச் சற்று அசைத்துப் பார்ப்போம் எனினும் அவரால் இயலாது. காமிராவைப் பிடித்திருப்பவர் உதவியாளர். கருவியோ துளையைப் பற்றுக்கோடாகக் கொண்டு இயங்குவது. ஏற்றமரத்தின் ஒரு நுனி தாழ மறுநுனி உயர்தல்போல, கை வலப்புறம் சென்றால் கருவியின் முனை இடப்புறம் செல்லும்.

நம் ஊர்க் கிணற்றில் செம்பு விழுந்தால் செய்வதனை இதற்கு உவமை கூறலாம். ஒருவர் மேலே நின்று கண்ணாடியால் வெயிலைக் கிணற்றினுள் திருப்புவார். மற்றொருவர் பாதாளக் கரண்டியைக் கயிற்றிற் கட்டி இறக்குவார். கண்ணாடி பிடிப்பவர் ஒளியை எங்ஙனம் காட்டுகின்றாரோ அங்ஙனமே கரண்டி இறக்குபவரின் வெற்றி அமையும். ஒளி நேரே நீரிற் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யுமாயின், அவ்வளவு வெயிலும் வீண். வயிற்றினுள்ளும் அவ்வாறே. குழலின் முனைக்கு அண்மையிலுள்ள ஈரமான உறுப்பு ஒளியைத் திருப்பிக் கண்ணைக் கூசச் செய்யும். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கிலொன்றாகக் குறையும் என்னும் விதியால், பின்னுள்ள இடமோ இருண்டு கிடக்கும். இரத்தம் சிறிது கசிந்தாலும் அஃது ஒளியை விழுங்கிக் காட்சி முழுவதையும் மங்கச் செய்யும். இவை போதாவென, வில்லையின்மேல் உடலின் வெம்மையால் நீராவி படியும். திசுக்களைச் சுடுவதால் எழும் புகையும் மறைக்கும்.

இதனால் வரும் கேடு யாது? பித்தப்பையிலிருந்து புறப்படும் சிறுநாளத்தைத்தான் மருத்துவர் வெட்ட வேண்டும். அதனருகே, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் செல்லும் பொதுநாளம் செல்கிறது. இரண்டும் கொழுப்பிலும் சவ்விலும் மறைந்தவை. இழுத்துப் பிடிக்குங்கால் ஒன்றோடொன்று ஒரே கோட்டில் அமைந்து ஒன்றுபோலத் தோன்றக்கூடியவை. ஒன்றை மற்றொன்றாகக் கருதிப் பொதுநாளத்தை வெட்டிவிட்டால், நோயாளி சில நாளில் வீடு திரும்புவதற்கு மாறாக, மீண்டும் மீண்டும் அறுவைக்கு உட்பட்டு ஆண்டுக்கணக்கில் வருந்த நேரும், உயிரிழத்தலும் உண்டு. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வே என்பாரும் அவர் குழுவினரும் இத்தகைய 252 பிழைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் 97 விழுக்காட்டிற்கு முதற்காரணம் காட்சி மயக்கமே என்றும், கைத்திறனிற் குறை காணப்பட்டது 3 விழுக்காட்டில்தான் என்றும் அவர்கள் முடிவு கூறினர்.

இம்முடிவை மீண்டும் எண்ணிப் பார்ப்போமாக. பிழைத்தது பெரும்பாலும் கையன்று, கண். அம்மயக்கம் முழுவதும் ஆழம் தெரியாமையாலேயே விளைந்தது என்று கூறுதல் பொருந்தாது. எதிர்பார்த்ததையே காணும் மனத்தின் இயல்பும் அதன்கண் உண்டு. ஆயினும், தட்டையான படத்தில் மயங்குதல் எளிது. முன்னும் பின்னும் தெளிந்த காட்சியில் மயங்குதல் அரிது. 'ஆழந் தெரியாமற் காலை விடாதே' என்பது நம் முன்னோர் மொழி. ஆழந் தெரியாமற் கத்தியை விடுதல் அதனினும் தீதன்றோ?

இக்குறையை நீக்க அறிஞர்கள் கண்ட வழிகள் சில. முதலாவது, நிழலை மீட்பது. காட்சிக் குழலின் விளக்கோடு, வேறொரு துளைவழியே மேலிருந்து இரண்டாம் விளக்கொன்றைச் செலுத்தினால், பொருள்களின் நிழல் காட்சியிற் புலப்படும். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து ஆல்பிரட் குஷியெரியும் அவர் தோழரும் இதனைப் பயிற்சிக் கூடத்தில் ஆராய்ந்து, அளவான நிழல் இருந்தால் கருவி குறிதவறுதல் குறையும் என்று கண்டனர். நிழல் மிகக் கருத்தால் அதுவும் மறைப்பாகும். ஆதலின் அளவு வேண்டும்.

இரண்டாவது வழி, இரு கண்ணையும் மீட்பது. ஒரே குழலினுள் இரண்டு வில்லைத் தொகுதிகளை அமைத்து, இரு காட்சிகளை இரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டுவதே முப்பரிமாண முறை. 10 மில்லிமீட்டர்க் குழலினுள் அவ்விரு வில்லைகளுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருத்தல் கூடும். எனினும் அவை சில அங்குலத் தொலைவிலிருந்தே நோக்குதலின் அதுவே போதுமானது. இம்முறை தோன்றியவுடன் வெற்றி பெறவில்லை என்பதனையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். அதே குஷியெரியின் குழுவினர் 1998-இல், அக்காலத்து முப்பரிமாணக் கருவியையும் வழக்கமான கருவியையும் பித்தப்பை அறுவையில் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு ஏதும் இல்லை என்று வெளியிட்டனர். அக்கருவிகளின் படம் மங்கலாகவும், கண்ணை வருத்துவதாகவும் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி என்னும் இயந்திரத்தில் மருத்துவர் இரு கண்ணையும் பதித்து நோக்கும் அமைப்பு வந்தது. பின்னர் நுண்ணிய திரையும் இலேசான கண்ணாடியும் கூடிய முப்பரிமாணக் கருவிகள் வந்தன. இவற்றால், சிறப்பாக ஊசிகொண்டு தைத்தல் போன்ற வேலைகளில், நேரமும் பிழையும் குறைதலைப் பிற்கால ஆராய்ச்சிகள் பல காட்டியுள்ளன.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒளியின் துணை. இந்தோசயனின் பச்சை என்னும் சாயத்தை நரம்பின் வழியே செலுத்தினால், கல்லீரல் அதனைப் பித்தத்தோடு வெளிப்படுத்தும். அகச்சிவப்பை அடுத்த ஒளியைப் பாய்ச்சினால் பித்தநாளங்கள் ஒளிர்ந்து தோன்றும். இஃது ஆழத்தைக் காட்டுவதன்று. எனினும் 'எது எது' என்னும் ஐயத்தை நீக்குவதில் உதவும்.

இனி எம் கருத்தைக் கூறுவோம். மருத்துவக் கருவி வாங்குவோர் இன்றும் 'எவ்வளவு வெளிச்சம்? எத்தனை புள்ளிகள் உள்ள திரை?' என்றே கேட்கின்றனர். இவை வேண்டுவனவே, ஆயினும் இவை இருளைப் போக்கும் கேள்விகள். ஆழத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்பார் அரியர். அதிகாலைக் கோபுரத்தின்மேல் இன்னுமொரு ஞாயிற்றை ஏற்றினாலும் சுதையுருவங்கள் முன்னெழா. ஆதலின், ஒளியின் அளவோடு அதன் திசையையும், படத்தின் நுட்பத்தோடு அதன் ஆழத்தையும் சேர்த்து மதிப்பிடுவதே முறை.

இதற்கு மறுப்பு இரண்டு கூறுவர். 'கைதேர்ந்த மருத்துவர்கள் ஒற்றைக் காட்சியைக் கொண்டே ஆயிரக்கணக்கான அறுவைகளைப் பழுதின்றிச் செய்கின்றனரே' என்பது முதல் மறுப்பு. உண்மையே. நிழலும் இரு கண்ணும் இல்லாதவிடத்து, கருவியை மெல்லத் தொட்டுப் பார்த்தும், காமிராவை அசைக்கச் செய்தும், 30 பாகைச் சாய்வுக் குழலாற் பக்கவாட்டில் நோக்கியும் அவர்கள் ஆழத்தை ஊகிக்கின்றனர். ஆனால் அவ்வூகம் பல்லாண்டுப் பயிற்சியின் பயன். அப்பயிற்சி முற்றுப்பெறாத இளைஞரின் கையில் ஒப்புவிக்கப்படும் நோயாளி யார்? பெரும்பாலும் அரசினர் மருத்துவமனைக்கு வரும் ஏழை. புகழ்பெற்ற மருத்துவரின் அறையில் முப்பரிமாணக் கருவி இருப்பதும், கற்றுக்கொள்வோரின் அறையில் பழங்குழல் இருப்பதும் தலைகீழான ஏற்பாடு. தேர்ந்தவர்க்குச் சிறிது உதவும் கருவி, கற்பவர்க்குப் பெரிதும் உதவும். அதனை முதலிற் கற்பவர்க்கே தருக என்கின்றோம்.

'பணம் எங்கே?' என்பது இரண்டாம் மறுப்பு. இதற்கும் விடை உண்டு. எல்லாம் ஒருங்கே வேண்டுமென்று யாம் கேட்கவில்லை. செலவின்றியோ சிறுசெலவிலோ செய்யத்தக்கன முதலிற் செய்யப்பெறுக. ஒளிவடத்தின் இழைகள் நாளடைவில் ஒடியும்; ஒடிந்த ஒவ்வோர் இழையும் ஒளியைக் குறைக்கும். வடத்தின் ஒரு நுனியை வெளிச்சத்தில் நீட்டி மறுநுனியில் நோக்கினால் ஒடிந்த இழைகள் கரும்புள்ளிகளாகத் தோன்றும். இதனைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். குழலை வெந்நீராற் சூடாக்கிச் செலுத்தினால் நீராவி படியாது. வெண்மையின் அளவைக் காமிராவிற்கு முதலிற் காட்டிவிட்டால் நிறங்கள் பிறழா. 'குளிர் ஒளி' என்னும் பெயரை நம்பி வடத்தின் நுனியைத் துணிமேல் வைத்தால் துணி கருகும் என்பதனையும் உதவியாளர் அறிதல் வேண்டும். இவற்றை நாள்தோறும் செய்வதற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். விலையுயர்ந்த கருவி வாங்கி அழுக்கு வில்லையின் வழியே நோக்குவது, பட்டாடை உடுத்திப் புழுதியிற் புரள்வதனை ஒக்கும்.

அதன்மேல், 1994-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசினர் மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் ஒருங்கே வாங்கி, விலையைக் குறைத்துக் காட்டியுள்ளது. அவ்வாற்றலை ஆழங்காட்டும் கருவிகளின்பாலும் செலுத்துதல் கூடும். திருவண்ணாமலை அரசினர் மருத்துவக் கல்லூரி போன்று, மாவட்டந்தோறும் இளைஞர் கற்கும் இடங்களே இதற்கு முதலில் தகுதியுடையன. ஒருங்கே பலவற்றை வாங்குவதாயின் விலை குறையும். விலை குறையின் நம் நாட்டவரே அவற்றைச் செய்ய முன்வருவர்.

கருவியினும் சிறந்தது பழக்கம் என்பதனையும் மறவோம். 1995-இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்பார் வகுத்த நெறி ஒன்று உண்டு: கொழுப்பும் சவ்வும் நீக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலினின்று பிரித்து, இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் பித்தப்பையிற் சேர்வதனைத் தெளியக் கண்டாலன்றி எதனையும் வெட்டலாகாது. அவ்வாறு காண இயலாவிடின், துளைவழியைக் கைவிட்டு வயிற்றைத் திறந்து இரு கண்ணாலும் நோக்குக. அங்ஙனம் திறத்தல் தோல்வியன்று. ஆழந் தெரியாத நீரிற் காலை விடாத அறிவுடைமை. இதனை இழுக்கென எண்ணும் மனப்பான்மை மாணவர் உள்ளத்திற் புகாதிருக்கச் செய்தல் ஆசிரியர் கடமை.

மாணவ நண்பர்காள்! இப்பணி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. ஹாப்கின்ஸும் கபானியும் மருத்துவரல்லர். நம் கல்லூரிப் பௌதிக வகுப்பிற் பயிலும் அதே ஒளியியலைப் பயின்றவர்கள். நம் பௌதிகச் சாலையிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஓர் அட்டைப்பெட்டியினுள் சில ஆணிகளையும் வளையங்களையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்துங்கள். பெட்டியின் மேற்றுளையில் கைப்பேசியின் காமிராவை வைத்து, அதன் திரையை மட்டும் நோக்கி, பக்கத் துளையின் வழியே ஒரு நீண்ட குச்சியால் வளையத்தை ஆணியில் மாட்ட முயலுங்கள். முதலிற் கைப்பேசியின் விளக்கையே பயன்படுத்துக. அது காமிராவை ஒட்டியே இருத்தலின் நிழல் தெரியாது. பின்னர் அதனை அணைத்துவிட்டு, சிறு கைவிளக்கொன்றைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு முயலுங்கள். இருமுறையும் எத்தனை தடவை குறிதவறினீர் என்று குறித்து வையுங்கள். இக்கட்டுரை முழுவதையும் படித்தறிவதினும் அவ்வொரு மணி நேரத்தில் மிகுதியாக அறிவீர்கள். உங்களுள் ஒருவர் இதனினும் நல்லதோர் அமைப்பைக் காணமாட்டார் என்று யார் கூறவல்லார்?

இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில், 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியை நிறுவினார். அவர் காலத்தில் நம் மக்களுக்குக் குறைவாயிருந்தது மருத்துவர் என்னும் வெளிச்சமே. அவ்வெளிச்சம் இன்று பெரிதும் வந்துவிட்டது. மருத்துவமனை உண்டு; மருத்துவர் உண்டு; கருவியும் உண்டு. இனி நாம் கேட்க வேண்டுவது, அவ்வெளிச்சத்தில் நம் எளிய மக்களின் உறுப்புகள் உள்ளபடியே தெரிகின்றனவா என்பதே.

மலையுச்சிச் சுடரைத் தொலைவிலிருந்து கண்டு மகிழ்வார்க்கு அதன் தூரம் தெரியாவிடினும் குற்றமில்லை. கையிற் கத்தி கொண்டு, பிறர் உடலினுள் நின்று, அச்சுடரின் ஒளியில் வேலை செய்வார்க்கோ தூரம் தெரிந்தே ஆகவேண்டும். அவர்க்கு ஒளியோடு நிழலையும், ஒரு கண்ணோடு மறு கண்ணையும் அளிப்பது நம் காலத்தின் கடன். அக்கடனைச் செலுத்துவார் வரிசையில் நம் கல்லூரி மாணவரும் நிற்பாராக.